‘விடு’ என்று தொடங்கும் பத்திரம்

அன்றைக்குப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே எங்கள் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். எழுதி வாங்க வந்த குணசேகரன் அண்ணன், எழுதிக் கொடுக்க வந்த அவர் தங்கை ரேவதி அக்கா, சாட்சிக் கையெழுத்துக்கு டீக்கடை காசிம் பாயும் ஜெராக்ஸ் கடை மணியும், பத்திரம் எழுத நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருவர் ரேவதி அக்காவின் கணவர். அவர் திருப்பூரில் இருந்தார். அக்கா அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறியிருந்தார். இன்னொருவர் எங்கள் முதலாளி. கண் ஆபரேஷனுக்காகப் பாண்டிச்சேரி போயிருந்தார். பத்திர எழுத்தர் உரிமம் என் பெயருக்கு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பெரியவர்கள் எழுத வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு வயதுக்காரன் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். எனக்கு வேறு மாவட்டத்தில் அரசு வேலை கிடைத்து, அடுத்த வாரம் இந்த மேசையை விட்டுப் போகிறேன். கிடைத்தது நல்ல வேலைதான். ஆனாலும் ஒரு வாரமாக, பதிவு அலுவலகக் கதவு திறக்கும் பத்து மணிக்கு எதிர்ச்சாரியில் நின்று பார்க்கும்போதெல்லாம் இந்த இடத்தை விட்டுப் போக மனசு வரமாட்டேன் என்கிறது. இனி யாராவது வந்து, “தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்று என் முன்னால் ஒரு பழைய தாளை விரிக்கப்போவதில்லை.

பத்திரத்தை எப்படி எழுதுவது, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதையெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை. கணினியில் இருக்கிறது, கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு சொல்லின் கதை. அந்தச் சொல்லில் நான் செய்த இரண்டு தவறுகளின் கதை.

எங்கள் வீட்டில் பத்திரம் என்று ஒரு காகிதம் இருந்ததே இல்லை. அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அவர் பெருவிரல் பதித்த தாள்களில் என்ன இருந்தது என்று யாரும் அவருக்குப் படித்துச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அதனால் பத்திரத் தமிழ் எனக்கு வேற்று மொழி மாதிரி இருந்தது. ‘பாத்தியம்’, ‘பராதீனம்’, ‘சர்வ சுதந்திரம்’ என்று ஒவ்வொரு சொல்லாக நோட்டில் எழுதி, அது எங்கிருந்து வந்தது என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்பேன். அந்த நோட்டில் ‘விடு’ என்று தொடங்கும் சொற்களுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

விடுதலை என்றதும் நீங்களும் என்னைப் போல ஜெயில் கதவைத்தான் நினைப்பீர்கள். நீதிமன்றத்தில் அந்தப் பொருள்தான். விசாரணை முழுக்க நடந்து, குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்றால் விடுதலை. விசாரணை தொடங்கும் முன்பே, இவர்மேல் வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை என்று அனுப்பிவிட்டால் அது விடுவிப்பு. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பேசி, ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. நம் மேசைக்கு வரும் விடுதலை வேறு. பொதுச் சொத்தில் தனக்குள்ள பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுவிடுவது. பழைய பத்திரங்களில் ‘விட்டுக்கொடுத்து’ என்றே எழுதியிருப்பார்கள். வேலையைக் கொஞ்ச நாள் விட்டால் விடுப்பு. எழுத வேண்டியதை எழுதாமல் விட்டால் விடுபாடு. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று, பிடித்த கையைத் திறப்பது. ‘வீடு’கூட இந்த ‘விடு’ நீண்டு வந்ததுதான் என்று என் தமிழாசிரியர் சொன்னார். சுமையை இறக்கி விடுகிற இடம் வீடு, ஒரு ராத்திரி மட்டும் இறக்கி வைத்தால் விடுதி என்பது அவர் கணக்கு. சொல்லும்போது அவரே சிரித்துக்கொள்வார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்ற தெம்போடுதான் அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

குணா அண்ணன், ரேவதி அக்கா இருவரின் அப்பாவும் சுரங்கத்தில்தான், ஆனால் நிரந்தரத் தொழிலாளி. தெற்கே எங்கிருந்தோ வந்து வேலையில் சேர்ந்தவர். பிள்ளைகள் இரண்டு பேரும் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். ரேவதி அக்கா அங்கிருந்தே கல்யாணமாகித் திருப்பூர் போனார். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, கையிலிருந்த பணத்தில் மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினார். பின்னால் கிடந்த ஒன்றரை சென்ட்டைச் சில வருடம் கழித்துத் தனிப் பத்திரமாக வாங்கிச் சேர்த்தார். அவர் போனார், அடுத்து அம்மாவும் போனார். வீட்டுக்கு வாரிசு அண்ணனும் தங்கையும் மட்டும். குணா அண்ணனுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஒப்பந்த வேலையை விட்டுவிட்டு டயர் கடை வைக்க நினைத்தார். வீட்டின்மேல் கடன் கொடுக்க வங்கி சம்மதித்தது, ஆனால் சொத்து ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்றது. அதற்குத்தான் இந்த விடுதலைப் பத்திரம்.

பதிவுக்கு எங்களுக்குக் கிடைத்த டோக்கன் நேரம் பன்னிரண்டு இருபது. பதினொன்றரைக்கே எல்லாம் தயார். மணி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தான்.

“நான் போட்ட சாட்சிக் கையெழுத்தை எல்லாம் சேத்தா, இந்நேரம் மந்திரி ஆயிருக்கலாம்பா” என்றார் காசிம் பாய்.

“மந்திரி ஆயிட்டா டீ யாரு போடறது பாய்?” என்றான் மணி.

ரேவதி அக்காவும் சிரித்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் அண்ணன் பிள்ளைகளுக்கு வாங்கிவந்த பனியன்கள். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். நான்தான், “ஒரு நிமிஷம்கா, படிச்சுக் காட்டிடறேன்” என்றேன்.

படித்துக் காட்டாமல் நான் அதுவரை யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. ‘படிக்கக் கேட்டுச் சம்மதித்து’ என்று எழுதிவிட்டுப் படிக்காமல் விடுவது எனக்கு ஆகாது. அப்பாவின் பெருவிரல் ஞாபகம் வந்துவிடும். குணா அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். “இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை” என்ற இடம் வந்தபோது ரேவதி அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

“பின்தொடர்ச்சின்னா என்ன தம்பி?”

“பின்னாடி வந்து பங்கு கேக்க முடியாதுன்னு அர்த்தம்கா.”

“பங்கு நான் கேக்கலையே. இத்தனை நாள்ல ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? இவனைக் கேளுங்க.”

“யாரு கேட்டன்னு சொன்னாங்க? கையெழுத்தைப் போடு ரேவதி, டைம் ஆவுது” என்றார் குணா அண்ணன்.

அவர் போடவில்லை. என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். “நாங்க பொறந்து வளந்த குவார்ட்டர்ஸ்ல இப்ப வேற யாரோ இருக்காங்க தம்பி. போன தடவை வந்தப்ப அந்தத் தெரு வழியா நடந்து போனேன். அம்மா நட்ட மாமரம் அப்படியே இருக்கு. ஒரு பொண்ணு கோலம் போட்டுகினு இருந்துச்சு. யாரு வேணும்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்லட்டும்? பிளாக் மாறி வந்துட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அக்கா துணிப்பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

“எனக்குன்னு வந்து இறங்கறதுக்கு இருக்கறது இவன் வூடு ஒண்ணுதான். அம்மா இருந்தவரைக்கும் பொங்கல் வந்தா போன் வரும். எப்படி கிளம்பற, எந்த பஸ்சு, பசங்களுக்கு லீவு இருக்கான்னு. அம்மா போயி ஒரு பொங்கல் ஆச்சு. போனையே பாத்துகினு இருந்தேன்.”

“அந்த வருசம் துக்கம்தானே. பொங்கலே வைக்கலியே நாங்க” என்றார் குணா அண்ணன்.

“வைக்கலைன்னாலும் ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? தம்பி, ஒண்ணு பண்ணுங்க. கடைசில ஒரு வரி எழுதுங்க. வருசா வருசம் பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் என்னைக் கூப்பிடணும். மூணு நாள் இருந்துட்டுப் போவேன். அவ்வளவுதான். அத எழுதிட்டீங்கன்னா வூடு பூரா அவனே வச்சுக்கட்டும்.”

நான் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. சொன்னால் சொன்னபடி எழுதுவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டு, கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே சொத்து விவரம் இருந்தது. முதலில் வீடு, அடுத்து பின்னாலிருக்கும் ஒன்றரை சென்ட். அதற்குக் கீழே அக்கா சொன்ன வரியைத் தட்டினேன். அண்ணன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

“என்னா தம்பி, நீங்களும் அது பேச்சைக் கேட்டுகினு? பேங்க் வக்கீல் இதப் படிச்சா என்ன சொல்லுவான்? வூட்டுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு லோன நிறுத்திடுவான். அட்வான்ஸ் குடுத்துட்டேன் கடைக்கு.”

அவர் சொன்னது சரிதான். விடுதலை என்பது நிபந்தனை இல்லாமல் விடுவது. இப்படி ஒரு வரி இருந்தால் வங்கிக்காரர் கேள்வி கேட்கத்தான் செய்வார். நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் டோக்கன் போட வேண்டும், ரேவதி அக்கா இன்னொரு முறை கணவரிடம் சொல்லாமல் வர வேண்டும். முதலாளிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, கண்ணில் கட்டோடு படுத்திருந்திருப்பார்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். கணினியை மூடிவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, டோக்கன் போனா போவட்டும்” என்று சொல்லி, காசிம் பாயோடு டீக்கடைப் பக்கம் நடந்திருக்க வேண்டும். செய்யவில்லை. என்னை நம்பி வந்த வேலை என் கையில் கெட்டுப்போகக் கூடாது என்ற பயம். அக்கா தட்டச் சொன்ன வரியைத் தேர்வு செய்து அழித்தேன். திரும்பி அவரிடம் சொன்னேன்.

“அக்கா, இதெல்லாம் பத்திரத்துல எழுதற விஷயம் இல்லக்கா. கூடப் பொறந்த அண்ணன் கூப்பிடாம இருப்பாரா? கண்டிப்பா கூப்பிடுவாரு. நான் சொல்றேன், போடுங்க.”

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். படித்த பையன், பொய் சொல்லமாட்டான் என்ற பார்வை அது. பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டினாரா, கடிகாரத்தைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. திருத்திய தாளை அச்சடித்து நீட்டினேன். முழுக்க மறுபடி படித்துக் காட்டவில்லை. இந்த மேசையில் நான் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கிய ஒரே பத்திரம் அதுதான்.

பன்னிரண்டு இருபதுக்கு உள்ளே போனோம். யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று அதிகாரி கேட்டார். “இல்லைங்க சார்” என்றார் ரேவதி அக்கா. கேமரா முன்னால் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டது நினைவிருக்கிறது. மத்தியானம் அண்ணன் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஒரு புடவைக் கவரோடு பஸ் ஏற்றிவிட்டார். வழியனுப்ப நானும் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா, “நீங்க சொன்னீங்கன்னுதான் தம்பி” என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“கூப்பிடுவேன்னு அவன் சொன்னானாடா?”

“இல்லைங்க. நான்தான் சொன்னேன்.”

“அவன் சொல்ல வேண்டியத நீ ஏன்டா சொன்ன?”

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வருடப் பொங்கலுக்கு முந்தின நாள் என் கைப்பேசி அடித்தது. ரேவதி அக்கா.

“தம்பி, அண்ணன் ஊர்லதான் இருக்காரா?”

“இருக்காருக்கா. காலைல கூட கடையாண்ட பாத்தேன்.”

“சரி, சரி. சும்மாதான் கேட்டேன். உங்க வூட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?”

நான் அண்ணனிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். டயர் கடைவரை போனேன். அவர் யாரோடோ கடன் விஷயமாகக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். அடுத்த பொங்கலுக்கும் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அந்த முறை அண்ணனைப் பற்றிக் கேட்கவே இல்லை. மழை பெய்ததா, பன்னீர் கரும்பு என்ன விலை என்று கேட்டார். மூன்றாவது பொங்கலுக்கு அழைப்பு வரவில்லை. அன்றைக்கு நான் கைப்பேசியை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வராத அழைப்புக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குணா அண்ணன் கெட்டவர் இல்லை. கூப்பிட்டால் புடவை எடுக்க வேண்டும், மூன்று நாள் கறி எடுக்க வேண்டும், கடை நஷ்டத்தில் போவது தங்கைக்குத் தெரிந்துவிடும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் பின்னால் தெரிந்தது.

அதற்கப்புறம் சில மாதம் கழித்து, டயர் கடையை மூடிவிட்டு, கடனை அடைக்க வீட்டை விற்பது என்று முடிவெடுத்து, குணா அண்ணன் எங்கள் மேசைக்கு வந்தார். கையில், வீட்டை வாங்குகிறவரின் வக்கீல் எழுதிய தாள். முகம் கறுத்திருந்தது.

“தம்பி, பின்னாடி இருக்கற ஒன்னரை சென்ட்டு ரேவதி எழுதிக் குடுத்ததுல இல்லவே இல்லைன்றாங்க. பேங்க்ல வூட்ட மட்டும் அடமானம் வச்சதுல இது தெரியல.”

பத்திர நகலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். வீடு இருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்றைக்கு அக்காவின் வரியைத் தேர்வு செய்து அழித்தபோது, அதற்கு மேலே இருந்த இரண்டாவது சொத்தும் சேர்ந்து தேர்வாகியிருக்கிறது. அவர் ஆசைப்பட்ட வரியோடு கொல்லைப்புறமும் போய்விட்டது. மறுபடி படித்திருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். என் நோட்டில் ‘விடுபாடு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதுவரை உதாரணம் எதுவும் எழுதியதில்லை.

“என் தப்புதாண்ணே” என்றேன். “பிழைதிருத்தல் பத்திரம் போடணும். அக்கா மறுபடி வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வக்கீல் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா அது கேக்கும்.”

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. தவறு என்னுடையது, நான் பேசுவதுதானே நியாயம்? ஆனால் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம் காதில் இருந்தது. தம்பி தங்கைகளே, நம் தொழிலில் உதவி செய்வதுபோலத் தோன்றும் இடத்தில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும்.

“நம்பர் போட்டுத் தரேண்ணே. பேசறது நீங்க பேசுங்க.”

“என்ன மூஞ்சிய வச்சிகினு பேசுவேன்?”

“அதத்தான் சொல்லுங்க, அவங்ககிட்டயே.”

போட்டுக் கொடுத்தேன். எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் நிமிர்ந்திருந்த முதுகு, பேசப் பேச மேசைமேல் கவிழ்ந்தது. காசிம் பாய் கேட்காமலேயே இன்னொரு டீ போட்டார்.

அடுத்த வாரம் ரேவதி அக்கா வந்தார். இந்த முறை கணவரிடம் சொல்லிவிட்டே வந்திருந்தார். முன்னைக்கு இளைத்திருந்தார். “வரேன்னு சொன்னதுக்கு, இப்பத்தான் சமயம், விடாதன்னு சொல்லி அனுப்பினாரு” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குணா அண்ணன் தரையைப் பார்த்தார்.

பத்திரம் தயாராக இருந்தது. ஆனால் அதைக் கையில் கொடுக்கும் முன் எனக்கு ஒரு கடமை இருந்தது. அண்ணன் எதிரிலேயே சொன்னேன்.

“அக்கா, இத முதல்ல தெரிஞ்சுக்குங்க. இந்த ஒன்னரை சென்ட்ல இன்னிக்கு வரைக்கும் உங்களுக்குப் பாதி இருக்கு. நீங்க போட்டாத்தான் போகும். போடாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஏதாவது கேக்கணும்னா இப்பக் கேக்கலாம். நான் இந்தத் தடவை எதுவும் சொல்லமாட்டேன்.”

“தம்பி!” என்று குணா அண்ணன் எழுந்துவிட்டார். “உங்க தப்புக்கு நான் நடந்துகினு இருக்கேன், நீங்க அதுக்கு எடுத்துக் குடுக்கறீங்களா?”

உள்ளே இருந்து முதலாளி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

“உக்காரு குணா” என்றார் அக்கா. அவர் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். “வூட்ட வித்துட்டு எங்க போற?”

“வடலூர் பக்கம். வாடகைக்குப் பாத்திருக்கேன்.”

“எத்தனை ரூமு?”

“ஒண்ணு. சமையல்கட்டு தனி.”

“பசங்க எங்க படுக்கும்?”

“எல்லாம் ஒண்ணாத்தான்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அங்க உன்ன எப்படிக் கூப்பிடுவேன் சொல்லு. சொந்த வூட்ல இருந்தப்பவே கூப்பிடல.”

ரேவதி அக்கா கொஞ்ச நேரம் அந்தத் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டால் இப்போது அவர் பணம் கேட்கலாம். பழைய வரியை எழுதச் சொல்லலாம். என்ன கேட்டாலும் அண்ணன் ஒத்துக்கொள்ளும் நிலை. மேசையில் எல்லோருக்கும் அது தெரியும்.

“மொதல்ல படிங்க தம்பி” என்றார்.

படித்தேன். தலைப்பிலிருந்து கடைசிச் சாட்சியின் முகவரிவரை, ஒரு எழுத்து விடாமல். பாத்தியமும் உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை என்ற இடத்தில் குரல் தடுமாறியது எனக்குத்தான். அவர் அசையாமல் கேட்டார். முடிந்ததும் பேனாவை வாங்கி அண்ணனிடம் நீட்டினார்.

“அந்த வடலூர் வூட்டு விலாசம் எழுது.”

“எதுக்கு?”

“எழுதுன்னா எழுது. கதவு நம்பரோட.”

அவர் டோக்கன் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். தெருப் பெயரை அடித்துத் திருத்தினார். அக்கா அதை வாங்கிப் படித்து, நான்காக மடித்து, பர்ஸுக்குள் வைத்தார்.

“பொங்கலுக்கு மறுநாள் நானே வருவேன். நீ கூப்பிட வேணாம். போனும் பண்ண வேணாம். எடம் இல்லன்னா வாசப்படில படுத்துக்கறேன். கறி எல்லாம் எடுக்காத, சாம்பார் போதும். பனியன் சைஸ் மட்டும் சொல்லிடு, பசங்க வளந்திருப்பாங்க.”

குணா அண்ணன் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி, தெளிவாக.

அவர் போவாரா, அந்த ஒற்றை அறையில் மூன்று நாள் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பொங்கல் இன்னும் வரவில்லை; வரும்போது நான் வேறு ஊரில், வேறு மேசையில் இருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போன் செய்து கேட்கவும் மாட்டேன். அது அவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

பிழை என்னுடையது என்பதால் எழுதுகூலி வாங்கவில்லை. மற்றச் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். “நீங்க அந்த ஒன்னரை சென்ட்ட எழுதாம விடலைன்னா இவன் எனக்குப் போனே பண்ணியிருக்க மாட்டான்” என்று சொல்லி ரேவதி அக்கா என் கையைத் தள்ளிவிட்டார். அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதியாகப் போட்டுக் கொடுத்தார்கள். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், அக்கா திருப்பூரிலிருந்து வந்து போன பஸ் டிக்கெட், எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.